பதினான்காம் பாத்தியின் மண்

1

இந்தக் கதை ஒரு நீக்கப்பட்ட வாக்கியத்திலிருந்து வந்தது. அதை எழுதியதும் நான் அல்ல, நீக்கியதும் நான் அல்ல.

பிறருடைய வாக்கியங்களைத் திருத்துவது என் பிழைப்பு. ஆய்வாளர்கள் தங்கள் விண்ணப்பங்களை அனுப்புவார்கள். ஒருமை பன்மைக் குழப்பம், தேவையில்லாத 'மிகவும்', ஒரே பத்தியில் நான்கு முறை வந்து உட்காரும் 'குறிப்பிடத்தக்க' ஆகியவற்றைச் சரிசெய்து திருப்பி அனுப்புவேன். சொல்லவரும் விஷயம் அவர்களுடையது. அதில் கைவைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் நான் மீறாத ஒரே விதி அதுதான்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கோப்பு வந்தது. வெளிநாட்டு மண்ணியல் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கான விண்ணப்பம். ஒன்பது பக்கம். திருத்தங்களைக் காட்டும் வசதியை அணைக்காமல் அனுப்பியிருந்தார்கள். பத்தில் ஒருவர் இப்படி மறந்துவிடுவது உண்டு. அப்போது அவர்கள் எழுதி அழித்ததெல்லாம் சிவப்பில் தெரியும். பெரும்பாலும் கூச்சங்கள்தான். 'சிறந்த' என்று போட்டு, அழித்து, மறுபடி போட்டிருப்பார்கள். நான் பார்க்காததுபோல் கடந்துவிடுவேன்.

ஆறாம் பக்கத்தில் இது இருந்தது.

[14ஆம் பாத்தியில் மூன்றாம் ஆண்டு அளவீட்டுக்கு முன் வெளிமண் போடப்பட்டிருந்தது அண்மையில் தெரியவந்தது. ஆகவே அந்தப் பாத்தியின் அளவை]

அவ்வளவுதான். குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் நேரம். எழுதியது செவ்வாய் காலை 11.10. நீக்கியது 11.52.

எனக்குத் தெரிந்த உண்மை இந்த நாற்பத்திரண்டு நிமிடம் மட்டுமே. இனி வருவதில் பெரும்பகுதி நான் கட்டியது. (பாத்தியின் எண்ணையும் மாற்றியிருக்கிறேன். 14 என்று கையெழுத்தில் எழுதினால் அழகாக இருக்கிறது. வேறு காரணமில்லை.)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

ஒன்று: 'பண்ணையின் இரும்புக் கதவுக்கு முன் அவள் பேருந்திலிருந்து இறங்கியபோது காற்றில்' — நிறுத்திவிட்டேன். காற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படித் தொடங்கும் கதைகளில் காற்றில் எப்போதும் ஏதாவது இருந்துவிடுகிறது.

இரண்டு: 'வளிமண்டலத்தில் இருப்பதைவிட அதிகமான கார்பனை மண் தன்னுள் வைத்திருக்கிறது.' இது சரியான தகவல். ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது.

மூன்று: 'ஐந்து ஆண்டுகள் முடியப் பத்து நாள் இருந்தது.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஐந்து ஆண்டுகள் முடியப் பத்து நாள் இருந்தது.

முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்பது அறிவிப்பின் நான்காவது நிபந்தனை. ஏறக்குறைய எல்லா அறிவிப்புகளிலும் அது இருக்கும். அவள் இதுவரை பதினொரு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஏழு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்று இடங்கள் வருந்தின. ஓர் இடம் தவறுதலாக இரண்டு முறை வருந்தியது.

இடையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் வேலை போய்விடும். அடுத்த பருவத்தில் அதே மேசைக்கு அதே வேலை புதிதாகக் கிடைக்கும். சேரும் நாளில் ஒவ்வொரு முறையும் கைகுலுக்கி வரவேற்பார்கள்.

வீட்டில் கணவனும் அவனுடைய அக்காவும் இருந்தார்கள். கணவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். நாத்தனார், இவள் அண்ணி என்று கூப்பிடுபவள், முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டத்துக்குப் பிந்தைய இந்தப் போஸ்ட்டாக் என்பது என்ன என்று அவளுக்கு விளக்க மூன்று வருடமாக முயற்சி நடந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் படிப்பா என்பாள். படிப்பில்லை, வேலை என்று இவள் சொல்வாள். அப்படியானால் பென்ஷன் உண்டா? கிடையாது. எத்தனை வருஷம்? இரண்டு. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு இன்னொரு போஸ்ட்டாக் கிடைக்கலாம்.

"சரிதான். காஜா எடுக்காத சட்டை மாதிரி. போட்டுக்கலாம், பூட்ட முடியாது."

அதைவிடச் சரியான விளக்கத்தை எந்த அறிவிப்பிலும் தான் படித்ததில்லை என்று இவள் கணவனிடம் சொன்னாள். அவன் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பன்னிரண்டாவது இடம் வேறு மாதிரி வந்தது. இவள் எழுதும் முன் அவர்களே எழுதினார்கள். அந்த ஆய்வகத்தின் தலைவர் இவளுடைய கட்டுரையைப் படித்திருந்தார். உங்கள் பதினான்காம் பாத்தியை எங்கள் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில் மறுபடியும் உருவாக்கிப் பார்க்க விரும்புகிறோம், அதற்கு உங்களைவிடத் தகுந்தவர் இல்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் வந்தால் போதும், மற்றது சடங்கு என்று எழுதியிருந்தார். முடிந்தால் அந்தப் பாத்தியின் மண்ணில் மீதமிருப்பதையும் அனுப்பக் கேட்டிருந்தார்.

4

பதினான்காம் பாத்தி பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அறுவடைக்குப் பிறகு பயிரின் அடித்தாளை வயலிலேயே விட்டால் மண்ணில் கார்பன் கூடுமா? இதுதான் அவளுடைய முனைவர் பட்டக் கேள்வி. இருபத்துநான்கு பாத்திகள். பாதியில் தாளை விட்டாள், பாதியில் அகற்றினாள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து இடங்களில் ஆகர் என்ற துளைக்கருவியைத் திருகி இறக்கி, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, ஐந்தையும் கலந்து, உலர்த்தி, சலித்து, அளந்தாள். மூன்று ஆண்டுகள் இப்படி. இருபத்துமூன்று பாத்திகளில் மயிரிழை வித்தியாசம். பதினான்கில் மட்டும் மூன்றாம் ஆண்டு அளவு எகிறியிருந்தது.

அவள் அளவை நான்கு முறை சரிபார்த்தாள். தராசைச் சரிபார்த்தாள். இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்தாள். எல்லா இடத்திலும் அதே எண் வந்தது. பிறகு ஏன் அப்படி என்று மூன்று பக்கம் விளக்கம் எழுதினாள். தாளின் நுணுக்கம், வேர், நுண்ணுயிர், ஈரம். ஒற்றைப் பாத்தியை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். மற்ற எல்லோரும் அந்த மூன்று பக்கத்தைத்தான் படித்தார்கள்.

(அந்த மூன்று பக்கத்தை நானும் படித்தேன். விண்ணப்பத்தோடு இணைத்திருந்தாள். நல்ல நடை. நான் திருத்த ஒரு காற்புள்ளிகூட இல்லை.)

5

திங்கட்கிழமை அவள் பண்ணைக்குப் போனாள், மீதி மண்ணை எடுக்க.

பண்ணை உதவியாளர் கருவிக் கொட்டகையில் இருந்தார். முதல் நாளிலிருந்தே அவளை டாக்டர் என்று கூப்பிட்டவர். பட்டம் வாங்க இன்னும் நாலு வருஷம் ஆகும் என்று அவள் அப்போது சொன்னாள். நாலு வருஷம் கழித்துக் கூப்பிட மறந்துவிட்டால் என்ன செய்வது, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்றார்.

கொட்டகைச் சுவரில், மண்வெட்டிகளுக்கு மேலே, அவளுடைய ஆய்வேட்டின் இரண்டு பக்கங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று நன்றியுரை. அதில் தன் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். மற்றொன்று இருபத்துநான்கு கம்பங்கள் உள்ள வரைபடம். பதினான்காவது கம்பம் மற்றவற்றின் தலைக்கு மேல் நின்றது. தூசி படாமல் இருக்க இரண்டின் மேலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்.

மண் புட்டி மூன்றாம் தட்டில் இருந்தது. அவர் ஏணி போட்டு எடுத்தார். துடைத்தார். வெளிநாட்டுக்குப் போகிறது என்று அவள் சொன்னதும் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல கறுப்பு, மற்ற பாத்தி மண்ணெல்லாம் இவ்வளவு கறுப்பு இல்லை என்றார். ஆமாம், அதுதான் யாருக்கும் புரியவில்லை என்றாள் அவள்.

இந்த இடத்தில் அவர் பேசியதை நான் மூன்று முறை எழுதினேன்.

முதல் முறை அவர் தயங்கினார். 'டாக்டர், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது' என்று தொடங்கினார். அடித்துவிட்டேன். தான் செய்தது தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

இரண்டாம் முறை அவர் குடித்திருந்தார். அது என் சோம்பேறித்தனம்.

மூன்றாம் முறை:

"கறுப்பா இல்லாம? எரு மேட்டு மண்ணாச்சே."

எந்த எரு மேடு என்று அவள் கேட்டாள்.

"நம்ம கிணத்துக்குப் பக்கத்துல இருந்துச்சே, அதுதான். உங்க கைடு மேடம் வந்தப்போ பதினாலாவது பாத்தியில கால் உள்ள போயிடுச்சில்ல? நடக்கற வழியோரமா இருக்கு, நீங்க ஆகர் போட்ட குழி அஞ்சும் அப்படியே இருந்துச்சு. மத்த பாத்தியெல்லாம் காலாலேயே தள்ளி மூடிடுவேன். இதுல மறுபடி யாராவது கால விட்டுட்டா என்ன பண்றதுன்னு மூணு கூடை கொண்டாந்து நிரப்பி அமுக்கினேன். மிச்சம் ஒரு கூடைக்கு மேல இருந்துச்சு. திருப்பி எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? பாத்தி முழுக்க விசிறி விட்டுட்டேன்."

அது எந்த வருஷம் என்று அவள் கேட்டாள். இரண்டாம் வருஷ மண் எடுத்து முடிந்த பிறகு என்றார். அதற்கப்புறம் அந்த இடத்தில் யாரும் விழவில்லை என்றும் சொன்னார்.

அவள் புட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். சுவரைப் பார்த்தாள். பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அதை விரலால் அமுக்கிவிட்டாள். அது மறுபடி எழுந்தது.

"வெளிநாட்டுல போய் நம்ம மண்ணுன்னு சொல்லுங்க, டாக்டர்."

சொல்றேன் அண்ணே என்றாள்.

6

இந்தப் பிழையைப் பற்றி ஒரு குறிப்பு.

யாருடைய அலட்சியமும் இதில் இல்லை. அவள் ஓர் அளவை நான்கு முறை பார்ப்பவள். அவர் திறந்த குழியை விட்டுவிட்டுப் போகாதவர். இரண்டு பேரும் கவனமாக இருந்ததால்தான் இது இவ்வளவு நாள் தாங்கியது. மண்ணை ஆராய்பவர்கள் மண்ணைத் துளைக்கிறார்கள். துளைத்தால் குழி விழும். குழியை யாராவது மூட வேண்டும். எரு மேட்டு மண்ணில் கார்பன் பல மடங்கு, ஆனால் எந்த மண்ணால் மூடுவது என்று செய்முறையில் அவள் எழுதவில்லை. கேள்வி கேட்பவர்களின் பட்டியலில் குழி மூடுபவர் இல்லை.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. பிறருடைய கோப்பாக இருந்தால் பரிசீலிக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருப்பேன்.)

7

அன்று மாலையே அவள் தன் வழிகாட்டிப் பேராசிரியைக்குத் தொலைபேசினாள். ஓய்வு பெற்றவர். பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கிடவில்லை. பிறகு, நான் எங்கே விழுந்தேன் என்று கேட்டார். பதினான்காம் பாத்தியில் என்று அவள் சொன்னாள். தான் எந்தப் பாத்தியிலும் விழுந்ததில்லை என்றார். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் விடுப்பில் இருந்தீர்களே என்று அவள் நினைவூட்டினாள். அது படிக்கட்டில் என்றார். அதைப் பற்றியே சிறிது நேரம் பேசினார்கள். தப்பு எங்கே நடந்தது என்பதைவிடத் தான் விழவில்லை என்பது பேராசிரியைக்கு முக்கியமாக இருந்தது போலத் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றியது மட்டும்தான்.

"இருபத்துநாலுல ஒரு பாத்தி. ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி. சாட்சி ஒரே ஒரு ஆள், அவரும் ஞாபகத்துல இருந்து சொல்றார். இதை நீ எழுதினா, உன் பேருக்குப் பக்கத்துல என் பேரும் இருக்கு. அதையும் பார்த்துக்கோ."

பார்க்கிறேன் மேடம் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சாப்பிட்டுத் தூங்கு என்றார் பேராசிரியை. அது உண்மையான அக்கறை. அவள் முதல் முறை ஆகர் பிடித்தபோது கை கொப்பளித்தது. மருந்து போட்டுவிட்டவர் அவர்தான்.

8

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. இதில் கணவன் இருந்தான். நீ எது செய்தாலும் எனக்குச் சரி என்றான். வாழ்க்கைக்கு இப்படிப்பட்ட கணவன் வேண்டும். கதைக்கு உதவ மாட்டான். வேலைக்கு அனுப்பிவிட்டேன். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் மின்தூக்கி நடுவில் நின்றுவிட்டதாகத் தகவல்.]

9

நாற்பத்திரண்டு நிமிடம்.

செவ்வாய் காலை. அவளுடைய மேசை உள்ளறையில் சன்னல் பக்கம் இருந்தது. மேசையில் மடிக்கணினி, மண் புட்டி, அண்ணியின் ஊசி டப்பா. கதவு சாத்தவில்லை. முன்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

11.10க்கு அந்த வாக்கியத்தை எழுதினாள். முதல் வாக்கியம் சரளமாக வந்தது. 'ஆகவே அந்தப் பாத்தியின் அளவை' வரை வந்து நின்றாள். விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதினால் கட்டுரை போய்விடும். கட்டுரை போனால் அழைப்பு போய்விடும். அழைப்பு போனால் ஐந்து ஆண்டுகள் அடுத்த வியாழக்கிழமை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பிலும் நான்காவது நிபந்தனையைத் தாண்ட முடியாது. பருவத்துக்கு ஒருமுறை கைகுலுக்கி வரவேற்கும் அந்த மேசைதான். எச்சரிக்கையோடு காண வேண்டும் என்று எழுதலாம். அப்படி எழுதினால் யாரும் எதையும் காண மாட்டார்கள், எச்சரிக்கையை மட்டும் காண்பார்கள். எழுதாமலும் விடலாம். எழுதாமல் விட்டால் இரண்டு வருடம் ஒரு கண்ணாடிக்கூடத்தில், வராத ஒன்றை வரவைக்க முயன்றுகொண்டிருக்க வேண்டும். வராது என்று அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

அண்ணியைப் பற்றி நான் இங்கே தயங்கினேன். மூன்றாம் பகுதியில் அவளைச் சிரிப்புக்காகக் கொண்டுவந்தேன். ஒரு நல்ல வசனம் கொடுத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் வீட்டில்தான் இருக்கிறாள், கதவு திறந்திருக்கிறது, இவள் அரைமணி நேரமாக எதையும் தட்டவில்லை. விசைப்பலகைச் சத்தம் நின்றால் அண்ணிக்குத் தெரியும். அவளும் நாள் முழுக்க ஒரு சத்தத்தோடு இருப்பவள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கதவில் சாய்ந்தாள். என்ன என்று கேட்டாள். இவள் சொன்னாள். பாத்தி, குழி, மூன்று கூடை. அண்ணி ஆய்வு எதுவும் கேட்டுப் புரிந்துகொண்டதில்லை. இது உடனே புரிந்தது.

"ஒரு தடவை கல்யாணப் பொண்ணு ரவிக்கை. தோள்ல அரை விரக்கடை தப்பு. வெட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு, வேற துணி இல்ல. அப்படியே தச்சுக் குடுத்துட்டேன்."

என்ன ஆயிற்று என்று இவள் கேட்டாள்.

"என்ன ஆகும்? போட்டுக்கிட்டா. நல்லா இருக்குன்னு நாலு பேரு சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு குழந்தை. வழியில பார்த்தா நின்னு பேசுவா. நான் அவ மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், தோளைத்தான் பார்ப்பேன். இப்ப அந்த ரவிக்கையா போட்டிருக்கா? இல்ல. ஆனாலும் தோளைத்தான் பார்ப்பேன்."

அப்படியென்றால் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்களா என்று இவள் கேட்டாள்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? நான் சொல்லலையே. அவ கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு."

அண்ணி போய் உட்கார்ந்தாள். இயந்திரம் மறுபடி ஓடியது.

11.52க்கு அவள் வாக்கியத்தைத் தேர்ந்து அழித்தாள். கோப்பை எனக்கு அனுப்பினாள். மொழி மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாள்.

10

முடிவுகள்.

அ. அவள் போனாள். கண்ணாடிக்கூடத்தில் அறுபது தொட்டிகள். எதிலும் அளவு எகிறவில்லை. இரண்டு ஆண்டு முடிவில், எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை என்று ஒரு நேர்மையான கட்டுரை எழுதினாள். அதற்கும் பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டைப் படிக்கும்போது அவள்

(விட்டுவிடுகிறேன். அவள் முகத்தை எனக்குத் தெரியாது.)

ஆ. அவள் சொன்னாள். உங்கள் நேர்மையை மதிக்கிறோம் என்று ஆய்வகத் தலைவர் எழுதினார். இடம் வேறொருவருக்குப் போயிற்று. மதிப்பு வந்த கடிதத்தை அவள் எங்கும் இணைக்க முடியவில்லை. எந்த விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. பேராசிரியை அதன் பிறகு பேசவில்லை. பண்ணையில் யாரோ விவரம் சொல்ல, உதவியாளர் சுவரிலிருந்து வரைபடத்தை மட்டும் கிழித்தார். நன்றியுரையை விட்டுவைத்தார்.

இ. அவள் சொன்னாள். அட, எரு மண்ணா, அதுவும் சுவாரசியமானதுதான், வாருங்கள், அதையே ஆராய்வோம் என்று தலைவர் எழுதினார்.

இந்த மூன்றாவதை எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதனால்தான் சந்தேகமும் வந்தது. நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அது நடக்கும் என்று நம்பிச் சொல்பவள் எதைப் பணயம் வைக்கிறாள்? [நீக்கப்பட்டது.]

11

கட்டாத பகுதி இது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நீக்கப்பட்ட வாக்கியம் உள்ள கோப்பு வந்தால் எனக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. நீக்கத்தை ஏற்றால் வாக்கியம் தடமில்லாமல் போய்விடும். மறுத்தால் அது கறுப்பு எழுத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். வழக்கமாக எல்லா நீக்கங்களையும் ஒரே அழுத்தில் ஏற்றுவிடுவேன். அதுதான் சுத்தமான கோப்பு. வாடிக்கையாளருக்கு அதுதான் வேண்டும்.

இந்த ஒன்றை விட்டு மற்றவற்றை ஏற்றேன். ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். 'இங்கே ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. நீக்கம் உங்கள் முடிவு என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.' வியாழன் மதியம் அனுப்பினேன்.

சொல்லவரும் விஷயத்தில் நான் கைவைத்தேனா என்று கேட்டால், இல்லை என்று வாதாட முடியும். ஒரு முறை வாதாடியும் பார்த்தேன், கண்ணாடி முன்னால்.

வெள்ளி மதியம் மூன்று இருபதுக்குப் பதில் வந்தது, அதே ஓரத்தில், என் குறிப்புக்குக் கீழே.

'இது இருந்தால் மொழி கெடுமா?'

நான் எழுதினேன்: 'கெடாது.'

நான்கு பத்துக்கு மறுபடி.

'முடித்தால்?'

நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. எழுத வேண்டியவை என்று பல தோன்றின. எல்லாமே என் நடையில் இருந்தன.

'முடித்தாலும் கெடாது' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேலை முடிந்தது என்று என் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

12

இனி வருவது மறுபடி நான் கட்டியது. கொஞ்சம்தான் இருக்கிறது.

வெள்ளி மாலை நான்கு ஐம்பது. உள்ளறை மேசை. மடிக்கணினியில் ஆறாம் பக்கம் திறந்திருக்கிறது. மண் புட்டி சன்னல் திட்டில். வெயில் அதன் மேல் விழுந்து மண் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. முன்னறையில் இயந்திரம் நின்றுவிட்டது.

"அனுப்பிட்டியா?"

"இல்ல அண்ணி. ஒரு வரி பாக்கி."

"எழுதறதா, அழிக்கறதா?"

அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நாற்காலி பின்னால் தள்ளியிருக்கிறது. கர்சர், அந்தப் பாதி வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

அவளை இங்கே திரும்பக் கூட்டிவந்து உட்காரவைக்க எனக்குத் தெரியும். செய்யப்போவதில்லை. இதுவரை படித்தவர் நீங்கள். நான்கு முறை சரிபார்த்தவளைத் தெரியும், மூன்று கூடை சுமந்தவரைத் தெரியும், தோளைப் பார்ப்பவளையும் தெரியும். நாற்காலி காலியாக இருக்கிறது. ஒன்பது நிமிடம் இருக்கிறது.

[14ஆம் பாத்தியில் மூன்றாம் ஆண்டு அளவீட்டுக்கு முன் வெளிமண் போடப்பட்டிருந்தது அண்மையில் தெரியவந்தது. ஆகவே அந்தப் பாத்தியின் அளவை